போலி ஹேண்டில்பார்

பழைய பைக்குகளுக்கான மண்மேட்டுப் பந்தயத்தில், தாவி இறங்கும்போது ஹேண்டில்பார் முறிந்து விழுந்த தம்பியை ஆம்புலன்சில் ஏற்றுகிறார்கள். மெக்கானிக் முறிந்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வெளியே கண்ணாடிபோல் மினுக்கு. உள்ளே தகடு முட்டையோட்டுத் தடிமன்கூட இல்லை. "மேல இருக்கிற கம்பெனி பேரு மொதக்கொண்டு எல்லாமே போலி," என்று சலித்துக்கொள்கிறார். அடுத்த சுற்றில் ஓட்டவேண்டிய அண்ணன் புழுதி அப்பிய முகத்தோடு தன் பைக்கைப் பிடித்தபடி நிற்கிறான். "நீயாவது ஜெயிச்சுட்டு வாண்ணா," என்று ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் தம்பி முனகுகிறான். "என் பைக்லயும் அதேதான்டா. மலிவா கிடைக்குதேன்னு நான்தான் ரெண்டா வாங்கினேன்," என்கிறான் அண்ணன். தம்பி கண்ணை மூடிக்கொள்கிறான். ஒலிபெருக்கி அண்ணனின் எண்ணை இரண்டாம் முறை கூப்பிடுகிறது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு ஆம்புலன்சில் ஏறுகிறான். தம்பியின் காலடியில் உட்கார்ந்து, அவன் பூட்சின் கொக்கிகளை ஒவ்வொன்றாக, வலிக்காமல் கழற்றுகிறான்.