அடிக்காமக் கொன்ன மச்சான்

பூபதிராஜா பைக்கை நிறுத்தி, மனைவி அனுப்பிரியாவின் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் தன் கையாலேயே எடுத்துவிட்டான். வடகரப்பதி கோயில் மைதானத்தில் கும்மிக்கு நின்றிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

"கொடுத்து வெச்சவடி! எங்கூட்டுக்காரரு நான் வண்டியிலிருந்து உழுந்ததுகூடத் தெரியாம பஞ்சர் கடை வரைக்கும் போயிருவாரு" என்றாள் மருதாத்தாள்.

அனுப்பிரியா சிரித்துவைத்தாள். முந்தானையை எடுக்கும் சாக்கில் அவன் காதோடு சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "எருமையாட்டம் ஆடி என் மானத்தை வாங்கிப்போடாதே."

நாலு வருஷமாக இப்படித்தான். கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை. வாய் ஒன்றே போதும். இரண்டு தரம் பிறந்த வீட்டுக்குப் போனவளை அம்மா ராசம்மாளே திரும்பக் கொண்டுவந்து விட்டாள்.

"அடிச்சாரா? குடிச்சாரா? பொறகென்ன கண்ணு? தங்கமாட்டம் மாப்பிள்ளை."

அதனால்தான் இன்றைக்கு ஊரறியச் சொல்லிவிட்டுப் போவதென்று முடிவு. கோயமுத்தூரில் ஹாஸ்டலுக்குச் சொல்லியாகிவிட்டது. துணிப்பை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அம்மா நம்பி, "சரி, போ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இந்தத் தடவை யாரும் திரும்பக் கொண்டுவந்து விட மாட்டார்கள்.

கும்மி வாத்தியார் சென்னிமலை கையைத் தட்டினார். "அம்முணிகளா, பாட்டு எல்லாரு போன்லயும் ஓடித் தேஞ்சு போச்சு. நடுவுல வர்ற வசனந்தான் உசுரு. புருசனை உட்டுட்டுப் போறவ எப்படிப் பேசுவாளோ, அப்படிச் சொந்தமாப் பேசோணும். போன வாரம் ஒருத்தி பேசுனதுக்கு பஞ்சாயத்து மெம்பரே கண்ணைத் தொடச்சாரு. சொன்னாப்பல இன்னைக்கு அனு மொறை."

மேளம் எழுந்தது. ஒரே நிறச் சேலையில் வட்டம் சுழன்றது.

"அடிக்காமக் கொன்ன மச்சான் – நான்
அடியெடுத்து வெச்சுப்புட்டேன்..."

மேளம் நின்றதும் அனுப்பிரியா மைக் முன்னால் வந்தாள். முன்வரிசையில் பூபதிராஜா, பக்கத்து நாற்காலியில் அம்மா.

"மாமா, கறுப்பி, மலடி, சோத்துக்குத் தண்டம்னு நீங்க சொல்லிச் சொல்லி, இப்பக் கண்ணாடி பாத்தா எனக்கே என்னைப் புடிக்கறதில்லீங்க. அம்மா, ஒடம்புல காயமில்லைனுதானே நம்ப மாட்டீங்கறே? எத்தனை ராத்திரி கெணத்தடியில போயி நின்னுட்டுத் திரும்பி வந்திருக்கறேன், தெரியுமா? இன்னைக்கே போறேன். இது பாட்டில்லைம்மா... நெசமாத்தான் சொல்றேன்."

பூபதிராஜாவின் முகம் ஒரு கணம் கறுத்தது.

எங்கிருந்தோ ஒரு விசில் பறந்தது. அடுத்த நொடி கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. பூபதிராஜா சுற்றும் முற்றும் பார்த்தான், மெதுவாகச் சிரித்தான், எழுந்து நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி, எல்லாரையும்விட உரக்கத் தட்டினான்.

"இல்லீங்க, நான் வந்து..." என்றவளின் குரலை மேளம் விழுங்கியது. மருதாத்தாள் அவள் இடுப்பை அணைத்து வட்டத்துக்குள் இழுத்தாள். "அடியாத்தா, அழுக வெச்சுப்போட்டியேடி!"

அனுப்பிரியா அம்மாவை மட்டுமே பார்த்தாள். ராசம்மாள் அழுதுகொண்டிருந்தாள். பூபதிராஜா குனிந்து காதில் என்னவோ சொல்ல, அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நேரே மகளிடம் வந்தாள். இரண்டு கையாலும் மகளின் முகத்தை ஏந்திக்கொண்டாள்.

பெற்ற வயிறாயிற்றே, புரியாமலா போகும்? அனுப்பிரியா அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். "அம்மா... நான் போகட்டுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ராசம்மாள் சொன்னாள்.

"மாப்பிள்ளை படம் புடிக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சாமா, இன்னொருக்காச் சொல்லு கண்ணு!"