பதில் அமுக்காத தலைமையாசிரியை

ஹோபார்ட் துறைமுகத்தின் குளிர்கால வெயில் எங்கள் அலுவலகச் சன்னல் வழியாகச் சாய்ந்து, அனுபவமுள்ள தலைமையாசிரியை ப்ரான்வின் டாஸ்கரின் நரைத்த தலையில் விழுகிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களைப் பழக்குவதற்காக நாங்கள் செய்திருக்கும் வீடியோ கேமை அவர் விளையாடிப் பார்க்கிறார். அடுத்த பருவத்தில் இது மாநிலம் முழுக்கப் போகப்போகிறது. திரையில், நான் வரைந்த தாய் ஒருத்தி மேசையைத் தட்டிக் கத்துகிறாள்: "என் பையன அடிச்சிருக்காங்க, நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" கீழே மூன்று பதில்கள் மின்னுகின்றன. ப்ரான்வின் ஒன்றையும் தொடவில்லை. கத்தி முடித்தவள் தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்குகிறாள். அதற்கு மேல் அவள் செய்வதற்கு நாங்கள் எதுவும் வைக்கவில்லை. "தூங்கிட்டீங்களா, ப்ரான்வின்?" என்று சீண்டுகிறான் கேமுக்கு நிரல் எழுதிய டெக்லன். "சும்மா இருப்பா. அவ எப்படிப் பயந்துபோயிருக்கா, பாரு." ப்ரான்வின் மௌஸை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரையை நோக்கிக் குனிகிறார். எதிரே நிஜமாகவே ஒருத்தி நிற்பதுபோல அவர் குரல் தணிகிறது. "உக்காருங்கம்மா. பையன் இப்ப யார்கூட இருக்கான்?" எங்கள் மூன்று பதில்களிலும் அந்தக் கேள்வி இல்லை. டெக்லனின் சிரிப்பு நின்றுபோகிறது. கீபோர்டை மடியில் இழுத்துக்கொண்டு, "அப்புறம் என்ன கேப்பீங்க?" என்கிறான் மெதுவாக. "ஒண்ணும் கேக்க மாட்டேன். அவ அழுது முடிக்கட்டும்." அவள் கண்ணில் ஒரு துளி நீர்கூட நான் வரையவில்லை. ஆனாலும் இப்போது அழுதுவிடுவாள் என்று நானே அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.