மிளகுக்குள் விழுந்த லென்ஸ்

முற்றத்துத் தார்ப்பாய் நிறைய மிளகு காய்கிறது. அதன் ஓரத்தில் ஆர்த்தி மண்டியிட்டிருக்கிறாள். கொத்திலிருந்து மிளகை உதிர்க்கையில் தூசி பட்டு வலது கண்ணைக் கசக்கினாள். கண்ணுக்குள் வைத்திருந்த கெட்டி லென்ஸ் தெறித்து மிளகுக்குள் விழுந்துவிட்டது. இடது கண்ணுடையது ஐப்பசியிலேயே உடைந்தாயிற்று. "நகராதீங்க, மிதிச்சிருவீங்க" என்கிறாள். அவள் கணவன் முத்தன் தூக்கிய காலை வைக்க இடம் தெரியாமல் நிற்கிறான். "எல்லாரையுமாட்டக் கண்ணாடி போட்டா ஆகாதா?" "முழி கூம்பிப்போச்சு, கண்ணாடி கேக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தான இருந்தீங்க?" "போன வருச மொளகு பூராவும் அந்த ரெண்டு சில்லுக்கே போச்சு" என்று அவன் முனகுகிறான். பாய்மேல் ஏறிய கோழியை இருவரும் சேர்ந்து விரட்டுகிறார்கள். லென்ஸை அடையாளம் தெரிந்தவளுக்குக் கண் தெரியவில்லை. கண் தெரிகிறவனோ மிளகுத் தோலாகப் பொறுக்கிக் காட்டுகிறான்.

கடைசியில் கறுப்புக்கு நடுவே வெயிலில் லென்ஸின் நீலம் ஒரு பொட்டாக மின்னுகிறது. முத்தன் அதை விரல்நுனியில் ஒட்டி எடுத்து ஊதுகிறான். "இந்தா, போட்டுக்க." காலையிலிருந்து மிளகு உதிர்த்த விரல் அது. "காரம் ஏறியிருக்குமுங்க. பச்சத்தண்ணியில கழுவக்கூடாது. மருந்துத் தண்ணி தீந்துபோச்சு, நாமக்கல்லு போகோணும்." "அப்பப் புடி, பத்திரமா வெய்யி" என்று விரலை நீட்டுகிறான். அவளுக்கு அது மூன்று விரலாகத் தெரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு, மிகவும் பதனமாக, இல்லாத விரலிலிருந்து லென்ஸை எடுக்கப் போகிறாள்.