பெட்டிக்குள் ஓர் இடம்

மார்கழிக் குளிரில் கடல் கடக்கவிருந்த பெட்டிக்குள், புதிய ஜெர்கின் கையிரண்டையும் பரப்பிப் படுத்திருந்தது.

"பனி கொட்டுற ஊருக்கு நீ எதுக்குடா?" என்று ஓரத்தில் ஒடுங்கியிருந்த பருப்புப்பொடிப் பொட்டலத்தைக் கேட்டது.

"அங்கேயும் பசிக்குமே, அண்ணே!"

"முதல்ல குளிருக்குத் தப்பணும். எடை கூடினா இறங்கப்போறது நீதான்."

எடை கூடித்தான் இருந்தது. ஆனால் பயணம் புறப்படும் வீட்டுக்காரி வெளியே எடுத்தது ஜெர்கினை. இனி அலமாரியில் பாச்சை உருண்டையோடுதான் வாழ்வு என்று அதன் கைகள் தொய்ந்தன.

"கலங்காதீங்க, அண்ணே," என்றது பொட்டலம்.

அவளோ ஜெர்கினை எடுத்து மாட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி, அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

பெட்டியை அவள் மறுபடி தூக்கிப் பார்த்தாள். இன்னும் கனத்தது. பொட்டலத்தை எடுத்து ஜெர்கினின் பைக்குள் திணித்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க, அண்ணே. பனி கொட்டுற ஊர் வந்ததும் எழுப்புங்க."