செருப்பு யானை

திண்டுக்கல் பொருட்காட்சியில், பழைய செருப்புகளாலேயே செய்த ஆளுயர யானையைப் பார்த்ததும் ஜக்கம்மாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அதைச் செய்த ஓவிய வாத்தியாருக்குப் பரிசாக டிரான்சிஸ்டரை நீட்டிய போலீஸ் அதிகாரி, யானையைத் தட்டிக்கொடுத்தார். “தூக்கி எறிஞ்ச குப்பையில இம்புட்டு அழகா! எங்கய்யா பொறுக்குனீங்க?”

“பஸ் ஸ்டாண்டு முன்னால குவிஞ்சு கெடந்துச்சு சார்.”

ஜக்கம்மா தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தாள். பைக்குள்ளிருந்து ஒற்றைச் செருப்பை உருவினாள்.

“சாரை அடிக்க வாரா! புடிங்க அவளை!” காவலுக்கு நின்ற ஏட்டு கத்தினார்.

அதிகாரி இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவளோ அவரைத் தாண்டிப் போய், யானையின் காதிலிருந்து ஊக்குக் குத்திய செருப்பு ஒன்றைப் பிய்த்தாள். இரண்டையும் கீழே போட்டுக் காலில் மாட்டினாள். ஒரே ஜோடி.

“நாங்க ஒண்ணும் தூக்கி எறியல சார். போன மாசம் குஜிலியம்பாறையிலருந்து காலிக் குடத்தோட தண்ணி கேட்டு வந்தோம். வெரட்டி வெரட்டி அடிச்சீகளே, அந்த ஓட்டத்துல கழண்டது. மத்தவுகளும் வந்திருக்காக.”

அதிகாரி வாசலைப் பார்த்தார்.

கையில் ஆளுக்கொரு ஒற்றைச் செருப்போடு ஊரே நின்றுகொண்டிருந்தது.