நோரீனின் செடி

“குடி, தங்கம். வயிறு முட்டக் குடி.”

லெஸ்டர் ஒரு லிட்டர் தண்ணீரையும் செடியின் அடியில் சாய்த்தான். துணித்தொட்டியின் ஓரத்தில் கசிந்து தட்டில் தேங்கியது. அதைத் துடைக்காமல், செடிக்கென்றே விளக்கு எரிந்துகொண்டிருந்த சின்னக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினான்.

அது பக்கத்து வீட்டு நோரீனின் நிலவறை. மாங்க்டனில் அக்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை என்று அவள் கிளம்பிப் போய்ப் பத்து நாளாகிறது. அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பூட்டாத பின்கதவு வழியாக வந்து, சாவியையும் ஒரு சீட்டையும் அவன் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

‘தொட்டியைத் தூக்கிப் பார். கனமாக இருந்தால் விட்டுவிடு. லேசாக இருந்தால் தண்டைச் சுற்றி அரைக் கோப்பை மட்டும். உன்னை நம்பித்தான் போகிறேன்.’

பன்னிரண்டு லிட்டர் தொட்டியில் நிற்கும் மூன்று வாரக் கஞ்சாச் செடிக்கு அதுதான் கணக்கு. அத்தனை மண்ணின் ஈரத்தைச் சின்ன வேர் குடித்து முடிக்காது; மூச்சு முட்டி அழுகிவிடும். லெஸ்டருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தினமும் காலையில் ஊற்றினான்.

வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, ஊர்க் கண்காட்சியில் பூசணிக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் கஞ்சாவுக்கும் ஒரு மேசை போட்டார்கள். தானாகப் பூக்கும் ரகம், ஒரே பாக்கெட்டிலிருந்து ஆளுக்கு ஒரு விதை, ஒரே அளவுத் தொட்டி, ஒரே நாளில் விதைப்பு. மூன்று வருஷமாக நோரீனுக்குத்தான் முதல் பரிசின் சிவப்பு ரிப்பன். லெஸ்டருக்கு இரண்டாம் பரிசின் நீலம்.

டோனட் கடை டார்லீன் அவன் பெயரையே மறந்துவிட்டாள். “என்ன நீலம், இந்த வருஷமும் நீலந்தானா?” என்று கேட்டுக்கொண்டே காபியை நீட்டுவாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்து வைப்பான்.

முதல் நாள் அரைக் கோப்பை ஊற்றத்தான் போனான். போட்டிக்காரியின் செடியை வளரும்போதே அவன் பார்ப்பது அதுவே முதல் தடவை. இலைக்கு இலை தன் செடியைப் போலவே இருந்தது. சமமாக நின்றால் கடைசியில் அவள்தான் ஜெயிப்பாள். மூன்று வருஷமும் அப்படித்தான் நடந்தது. கை தானாகச் சாய்ந்தது.

ஐந்தாம் நாள் இலைகள் தொங்கின. வேறு ரகமாக இருந்தால் விளக்கு நேரத்தைக் கூட்டி, தேறும்வரை பூக்கவிடாமல் வைத்திருக்கலாம். இது வயதுக்குப் பூக்கிற செடி. நோஞ்சானாக இருந்தாலும் நாள் வந்ததும் பூத்துவிடும். வீணான நாட்கள் வீணானதுதான்.

அவன் செடியோ நோரீன் கிளம்பியதிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் கேட்டது, இப்போது இரண்டே நாளில் தொட்டியை லேசாக்கிவிடுகிறது. எதிராளி ஊரில் இல்லை, கைக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டிவியைப் போட்டான், அணைத்தான். வெட்டின புல்லையே மறுபடியும் வெட்டினான். நோரீன் தினமும் மதியம் போன் செய்தாள். முதலில் அவன் முதுகுவலியைக் கேட்டாள், பிறகுதான் செடியை. இரண்டுக்கும் சேர்த்து, நன்றாக இருக்கிறது என்றான்.

பன்னிரண்டாம் நாள் ஊற்றுவதை நிறுத்தினான். தட்டைத் துடைத்தான். மின்விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தான். அதற்குள் கீழ் இலைகள் மஞ்சளாகியிருந்தன.

பதினான்காம் நாள் அவள் கார் வந்து நின்றது. அவனே ஓடிப் போய் அவள் வீட்டுக் கதவைத் திறந்தான். அவனுக்கென்று வாங்கிவந்த மேப்பிள் மிட்டாய் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, அக்கா எழுந்து நடப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே நிலவறைக்கு இறங்கினாள். கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள்.

விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கினாள். அதன் கனம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“எவ்வளவு ஊத்தின?”

“ஒரு லிட்டர்.”

“மொத்தமாவா?”

“தினமும்.”

“சீட்டைப் படிக்கலையா நீ?”

“படிச்சேன்.” மிட்டாய் டப்பாவை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. “வேணும்னுதான் செஞ்சேன், நோரீன். ஒரே ஒரு தடவை ஜெயிச்சா போதும்னு இருந்துச்சு.”

அவள் தொட்டியை மெதுவாக இறக்கி வைத்தாள். வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இது உன் செடி, லெஸ்டர். இந்த வருஷமாவது நீ ஜெயிக்கட்டும்னு, போற அன்னைக்கு நான்தான் ரெண்டையும் மாத்தி வச்சேன்.”