முப்பத்தேழாம் அளவு

இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறேன். நான் ஒட்டிய சாம்பிள் ஷூவை லொரெடானா போட்டுப் பார்க்கிறாள். பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிற்சாலைக்கு முப்பத்தேழாம் அளவு என்றால் அவள் கால்தான். கன்றுத்தோல் காலை வெயிலில் வெண்ணெயாய் மின்னுகிறது. நான்கு எட்டு நடந்து, மிலானிலிருந்து வந்த வடிவமைப்பாளர் முன் நிற்கிறாள். "சுண்டுவிரல் நசுங்குது சார். ஷூ தைக்கிற அச்சை மாத்துங்க." உண்மைதான், ஒட்டும்போதே எனக்குத் தெரியும். அவர் முகம் சுளிக்கிறார். "ஷூ சரியாத்தான் இருக்கு. உங்க கால்தான் பெருத்துடுச்சு." "நேத்து வரைக்கும் சரியா இருந்த கால், உங்களைப் பாத்ததும் வீங்கிடுச்சாக்கும்?" அவர், அலுவலகத்தில் வேலை செய்யும் மிரியத்தைக் கூப்பிடுகிறார். "உன் அளவு என்னம்மா?" "முப்பத்தாறு சார்." "போடு." கச்சிதமாகப் பொருந்துகிறது. ஷூவின் அளவு அட்டையில் முப்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். "நாளைக்கு நான் வரணுமா?" என்கிறாள் லொரெடானா. அவர் அடுத்த ஷூவை மிரியத்திடம் நீட்டுகிறார்.